பிரெக்சிட் நட்டக் கணக்கு: மாமா சொல்வது சரியா, அண்ணா சொல்வது சரியா?

தம்பி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகிய பிரெக்சிட் பற்றிய உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஹரோவில் கடை வைத்திருக்கும் மாமா, "பிரெக்சிட்டால் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் கொரோனாவும் யுக்ரேன் சண்டையும் செய்த வேலை" என்கிறார். லெஸ்டரில் இருக்கும் அண்ணா, "நாடு 4 சதவீதம் சுருங்கிப்போச்சு" என்கிறார். குடும்ப வட்ஸ்அப் குழுவில் இருவரும் ஆளுக்கொரு பொருளியலாளரைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை பிடிக்கிறார்கள். யார் சரி என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே நாட்டின் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு படித்தவர்களே இப்படி எதிரும் புதிருமாகப் பேசினால், இந்தப் பொருளியலை எதற்கு நம்புவது என்பதுதானே அது? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி. திருகோணமலையில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் 12 வருடம் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்த்தேன். அதன் பிறகு உயர்தர மாணவருக்குப் பொருளியல் படிப்பித்தேன். கணினியில் பொருளாதார மாதிரிகளை உருவாக்கும் ஆள் நான் இல்லை. மற்றவர்கள் உருவாக்கியதை வாசித்து, எந்த இடத்தில் கை வைத்தால் ஆடும் என்று பார்க்கத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

அண்ணா சொன்ன 4 சதவீதத்தில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் பேர் பிழையாகச் சொல்லும் எண் அதுதான். பிரித்தானிய வரவுசெலவுக் கணிப்புகளைத் தனித்து நின்று செய்யும் ஓபிஆர் என்ற அமைப்பு சொன்னது அது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உற்பத்தித்திறனைவிட, நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஏற்றுமதியும் இறக்குமதியும் 15 சதவீதம் குறைவாக இருக்கும் என்பதில் இருந்து அதற்கு வருகிறார்கள். நாடு சுருங்கியது என்று அவர்கள் சொல்லவில்லை. என் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: போன தவணை 70 புள்ளி எடுத்த பிள்ளை இந்தத் தவணை 75 எடுத்திருக்க வேண்டும், இடையில் காய்ச்சல் வந்து 72 எடுத்தது. அறிக்கையில் பார்த்தால் புள்ளி கூடியிருக்கிறது. அந்தக் காய்ச்சலால் போனது 3 புள்ளி, 75இல் 4 சதவீதம். மாமா 72ஐக் காட்டி "கூடித்தானே இருக்கு" என்கிறார். அண்ணா போன 3 புள்ளியைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் "70இல் இருந்து இறங்கிவிட்டது" என்பதுபோலச் சொல்லிவிடுகிறார். பாதிச் சண்டை இத்தோடு முடிந்துவிடும்.

மீதிப் பாதிதான் கடினம். அதற்கு முன், ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலக வேண்டும் என்றார்கள். 2020 ஜனவரி 31 அன்று விலகினார்கள், ஆனால் பழைய வணிக விதிகள் அந்த வருடக் கடைசி வரை ஓடின. 2021 ஜனவரி 1 முதல் புது ஒப்பந்தம். அதில் சுங்க வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. "வரியே இல்லை என்றால் எப்படி நட்டம்?" என்று மாமா கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு, திருமலைக்கு, அதாவது எங்கள் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கிண்ணியாவைப் பாருங்கள். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்க முன்பு நாங்கள் பாதையில்தான் போய்வந்தோம், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதில் ஏறக் காத்திருப்பதுதான் செலவு. காலையில் தயிர்ச்சட்டி கொண்டுவருபவர், மரக்கறிக் கூடைக்காரர், லொறி, ஆசிரியர்மார் எல்லாரும் கரையில் நிற்பார்கள். நாளைக்கே பாலத்தை மூடிவிட்டுப் பழையபடி பாதையை விட்டால் கிண்ணியாவுக்கும் திருமலைக்கும் வியாபாரம் நின்றுவிடாது. பெரிய லொறிக்காரர் நேரத்தை மாற்றிச் சமாளிப்பார். ஆனால் கிழமைக்கு இரண்டு கூடை கொண்டுவந்தவர் ஒரு கட்டத்தில் "இது கட்டாது" என்று விட்டுவிடுவார். அந்த ஒப்பந்தம் அப்படியொரு பாதை. காசு கேட்கவில்லை, வரிசையில் நிற்கச் சொன்னது.

அந்த வரிசை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் இலங்கை எப்போதும் ஐரோப்பாவுக்கு வெளியேதான் இருந்தது. ஐரோப்பாவுக்கு மீன் அனுப்புவதென்றால் பொருட்பட்டியல், இன்வொய்ஸ், சுகாதாரச் சான்றிதழ், எந்த நாட்டு உற்பத்தி என்ற சான்றிதழ், இந்தப் படகு இந்த இடத்தில் சட்டப்படி பிடித்தது என்ற அத்தாட்சிப் பத்திரம் எல்லாம் வேண்டும். ஒரு தரம் படகின் பதிவிலக்கத்தில் ஒரு எண் மாறிப்போனது. கொட்பே துறைமுகத்தில் இறக்கிய நல்ல சூரை மீன், ஐஸ் போட்ட பெட்டிகளில் கட்டுநாயக்காவால் விமானத்தில் போய், ஐரோப்பாவில் ஒரு விமான நிலையக் குளிர் அறையில் மூன்று நாள் கிடந்தது. சரியான தாளை அனுப்பி முடிக்கும்போது மீன் விற்கும் நிலையில் இல்லை, அழித்துவிட்டார்கள். அந்த எண்ணைத் தட்டச்சுச் செய்தவன் நான்தான். அந்த மாதம் முழுக்க முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் 2015 ஜனவரியில் இலங்கை மீனையே ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. ஆழ்கடலில் விதி மீறிய மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்தத் தடை நீங்கியது 2016 ஜூனில், பிரித்தானியர் விலகுவோம் என்று வாக்களித்த அதே மாதம். நாங்கள் உள்ளே விடச் சொல்லிக் கதவில் நின்றபோது அவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

இனி அவர்களும் எங்கள் வரிசையில். 2021 ஜனவரியில் ஸ்கொட்லாந்து நண்டு, இறால் வியாபாரிகள் பத்திரச் சிக்கலில் சரக்குப் பழுதாகி, லொறிகளை லண்டனுக்குள் ஓட்டிவந்து அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் தெருவில் நிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விலகலைப் பற்றிய பேச்சில் அதிகம் முழங்கிய தொழில்களில் ஒன்று மீன்பிடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் பத்திரம் பார்க்க ஆட்களை வைத்துக்கொண்டன. சின்னவர்கள் விட்டுவிட்டார்கள். லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதை நிறுத்திக்கொண்ட பிரித்தானிய நிறுவனங்கள் ஏறத்தாழ 16,400 என்று கணக்கிட்டார்கள். அதே கல்லூரியின் இன்னொரு ஆய்வு, 2021 முடிய இரண்டு வருடத்தில் சராசரிக் குடும்பத்தின் உணவுச் செலவு பிரெக்சிட்டால் 210 பவுண் கூடியது என்றது. வாக்கெடுப்பு இரவில் பவுண் சில மணி நேரத்தில் 1.50 டொலரில் இருந்து 1.35க்கும் கீழே விழுந்ததை ஒருவரும் மறுக்கவில்லை. வெளியில் இருந்து வாங்கும் சாமான் விலை அதனால் ஏறியது என்பதையும் மறுப்பவர் குறைவு. லண்டனில் இருந்து காசு வரும் வீடுகள் திருமலையில் எத்தனை? அந்தக் கிழமை வங்கிக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

உங்கள் மாமாவுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்க் கடை ஒன்றில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி இலங்கை, இந்தியாவில் இருந்து போவது. அதற்கு முன்பும் பத்திரம் வேண்டும், இப்போதும் வேண்டும். ஐரோப்பாவில் இருந்து வரும் உணவுப் பொருட்களைச் சோதிப்பதையும் பிரித்தானியா திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2024இல்தான் தொடங்கியது. ஆக வெளியே அனுப்புபவருக்கு 2021இலேயே கதவு இறுகியது, உள்ளே எடுப்பவருக்கு மூன்று வருடம் திறந்தே கிடந்தது. மாமாவின் கண்ணில் படாததில் புதுமை இல்லை. ஆனால் அவர் பாரிஸில் இருக்கும் மருமகளுக்கு மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு ரயில் ஏறினால் தெரியும். பிரித்தானியாவில் இருந்து ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பாலுணவோ கொண்டுபோக முடியாது. அந்த ஜனவரியில் நெதர்லாந்து எல்லையில் லொறிச் சாரதிகளின் சாண்ட்விச்சைக்கூடப் பறித்தார்கள்.

சரி, செலவு வந்தது, வணிகத்தில் உரசல் வந்தது. இதுவரை பெரிய சண்டை இல்லை. எவ்வளவு என்று கேட்டவுடன்தான் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். காரணம் எளிது. நட்டத்தை அளக்க இரண்டு நாடு வேண்டும்: விலகிய பிரித்தானியா ஒன்று, விலகாத பிரித்தானியா ஒன்று. இரண்டாவது உலகத்தில் இல்லை.

இந்த மாதிரிச் சண்டை எனக்கு வீட்டிலேயே பழக்கம். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது. என் அம்மப்பா டொக்யார்டில் பிற்றராக இருந்தவர், வேலை போனது. அவருடைய தம்பியும் அவரும் சாகும்வரை இதைப் பற்றி வாக்குவாதப்பட்டார்கள். "வெள்ளைக்காரன் நின்றிருந்தால் இந்த ஊர் சிங்கப்பூர்" என்பார் அம்மப்பா. "நின்றிருந்தாலும் இரண்டு வருடத்தில் அவனே ஆட்களைக் குறைத்திருப்பான், அவனுடைய சாம்ராச்சியமே சுருங்குது" என்பார் சின்னவர். பொங்கலுக்கு வந்தாலும் அதுதான், செத்த வீட்டுக்கு வந்தாலும் அதுதான். வேலை போனது இருவருக்கும் தெரியும். தளம் நின்றிருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதில்தான் அடி. அம்மப்பாவின் கற்பனைத் திருகோணமலை ஒன்று, சின்னவரின் கற்பனைத் திருகோணமலை வேறொன்று. பிரெக்சிட் பொருளியலாளர்கள் செய்வதும் இதைத்தான், ஆனால் தங்கள் கற்பனை நாட்டை எப்படிக் கட்டினோம் என்று எழுதிவைக்கிறார்கள். அதனால் மற்றவர் வந்து பிழை பிடிக்க முடிகிறது. அம்மப்பாவோடு அது முடியாது.

கட்டும் முறைகளில் ஒன்றைச் சொல்கிறேன், அது எங்களுக்கு நெருக்கமானது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடந்த ஆயுத மோதலால் அந்தப் பகுதி எவ்வளவு இழந்தது என்று அளக்க அபாடி, கார்தியாசபால் என்ற இருவர் 2003இல் ஒரு வழி கண்டார்கள். மோதலுக்கு முன் பாஸ்க் போலவே இருந்த பகுதிகளைத் தேடினார்கள். கட்டலோனியா பெரும்பங்கு, மட்ரிட் கொஞ்சம் என்று கலந்து, மோதல் நடக்காத ஒரு "போலி பாஸ்க்" செய்தார்கள். உண்மைப் பாஸ்கின் ஆள்வீத வருமானம் அந்தப் போலியைவிட ஏறத்தாழ 10 சதவீதம் பின்தங்கியிருந்தது. திருகோணமலையில் இருந்து இதை வாசிக்கும்போது, எங்களுக்கு எந்த ஊரைக் கலந்து ஒரு போலித் திருமலை செய்யலாம் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சரி, அது வேறு கதை.

அதே முறையில் ஜோன் ஸ்பிரிங்ஃபோர்ட் என்பவர், அமெரிக்கா, ஜேர்மனி போன்ற நாடுகளைக் கலந்து ஒரு போலிப் பிரித்தானியா செய்தார். 2022 நடுப்பகுதியில் உண்மைப் பிரித்தானியா அதைவிட 5.5 சதவீதம் சிறியது என்றார். எதிர்ப்பவர்கள் கேட்டது: கலவையில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு கொடுத்திருக்கிறீர்கள், அமெரிக்கா கொரோனாவின்போது காசை அள்ளி இறைத்து வளர்ந்தது, அந்த வித்தியாசத்தையும் பிரெக்சிட் கணக்கில் எழுதிவிட்டீர்களா? என் பார்வையில் இது வெறும் குதர்க்கம் இல்லை, கேட்க வேண்டிய கேள்வி. பிரித்தானியாவின் இன்னொரு பழைய ஆய்வு நிறுவனமான நீசர், 2023இல் அதுவரையான இழப்பை 2 முதல் 3 சதவீதம் என்றது. 2025இல் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் சகாக்களும் நிறுவனங்களிடம் வருடக்கணக்காகத் திரட்டிய தரவுகளையும் சேர்த்துப் பார்த்து 6 முதல் 8 சதவீதம் என்றார்கள். மறுபக்கத்தில் காடிஃப் பல்கலைக்கழகத்தின் பற்றிக் மின்ஃபோர்ட், எல்லா நாடுகளுக்கும் வரியைத் தூக்கிவிட்டால் விலகலால் 4 சதவீதம் இலாபம் வரும் என்று 2016இலேயே சொன்னவர். அரசாங்கம் அவர் சொன்னபடி வரியைத் தூக்கவில்லை, அதனால் அவர் கணக்கு சோதிக்கப்படவும் இல்லை.

கொரோனா விஷயத்தில் மாமா சொல்வதற்கு இடம் கொடுக்க வேண்டும். புது விதிகள் வந்தபோது உலகம் முழுக்கக் கடைகள் பூட்டிக் கிடந்தன, அதன் பின் 2022இல் எரிவாயு விலை ஏறியது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. எங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் போனதற்கு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளா, அந்த வருடக் கடைசி வரிக்குறைப்பா, கொரோனாவா, 2021 உரத்தடையா, யுக்ரேனா என்று இன்றைக்கும் தேநீர்க் கடையில் அடிபடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒருவராலும் கூறுபோட்டுக் காட்ட முடியவில்லை. ஆனாலும் பிரித்தானியாவை மட்டும் பார்க்காமல், அதே கொரோனாவையும் அதே எரிவாயு விலையையும் அனுபவித்த பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பிரித்தெடுக்கலாம். அப்படிப் பிரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் கண்டது நட்டத்தைத்தான், 2இல் இருந்து 8 வரை. என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால் 4ஐச் சுற்றி எங்கேயோ என்பேன். 2ஐச் சொல்பவரோடும் 6ஐச் சொல்பவரோடும் சண்டைக்குப் போகமாட்டேன். இலாபம் என்பவரிடம் மட்டும் கணக்கைக் காட்டச் சொல்வேன்.

பொதுமக்கள் நம்பிக்கை இழந்ததற்குப் பொருளியலாளர்களும் அரசியல்வாதிகளும் தாங்களே பொறுப்பு. 2016 மே மாதம் பிரித்தானிய நிதியமைச்சு, விலக வாக்களித்தாலே உடனடி மந்தம் வரும், ஐந்து லட்சம் பேருக்கு வேலை போகும் என்றது. வரவில்லை. வேலையின்மை குறைந்துகொண்டே போனது. இங்கிலாந்து வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்த அன்டி ஹால்டேனே, 1987 புயலைத் தவறவிட்ட வானிலை அறிவிப்பாளரோடு தங்கள் துறையை ஒப்பிட்டார். உடனடிக் கணிப்பு பொய்த்ததைக் காட்டி நீண்ட காலக் கணிப்பையும் குப்பை என்பதுதான் மாமா பக்கத்தவர்கள் விடும் பிழை. மக்கள் பயந்து கடைக்குப் போகாமல் விடுவார்களா என்பது மனத்தைப் பற்றிய ஊகம். எல்லையில் தாள் கூடினால் வணிகம் குறையும் என்பதற்குப் பின்னால் பல நாடுகளின் நீண்ட அனுபவம் இருக்கிறது. அதே நிதியமைச்சு 15 வருடத்தில் 6.2 சதவீதம் என்ற தன் நீண்ட காலக் கணிப்பைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, "ஒரு குடும்பத்துக்கு 4,300 பவுண் நட்டம்" என்று விளம்பரம் செய்தது. ஏதோ சட்டைப்பையில் இருந்து எடுப்பதுபோல. மறுபக்கம் விலகச் சொல்லிப் பிரசாரம் செய்தவர்கள் தங்கள் சிவப்புப் பேருந்தில், கிழமைக்கு 350 மில்லியன் பவுண் ஒன்றியத்துக்குப் போகிறது என்று எழுதினார்கள். கழிவு போக உண்மையில் போனது ஏறத்தாழ 250 மில்லியன், அதிலும் ஒரு பகுதி விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வந்தது. புள்ளிவிபர அதிகாரசபை கண்டித்த பிறகும் பேருந்து ஓடியது.

இன்னொன்று, தொலைக்காட்சி. வாக்கெடுப்புக்கு முன் 600க்கு மேற்பட்ட பொருளியலாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 88 சதவீதத்தினர், அடுத்த ஐந்து வருடத்தில் பொருளாதாரத்துக்குப் பாதிப்பு என்றார்கள். ஆனால் அரங்கில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எங்கள் பட்டிமன்றத்தில் அணிக்கு மூன்று பேர் இருப்பதால் ஊரே பாதிப் பாதி என்று நினைப்போமா? அங்கே பலர் அப்படித்தான் நினைத்தார்கள். பெரும்பான்மை சொன்னால் சரி என்று நான் சொல்லவரவில்லை, பெரும்பான்மையும் பிழைவிட்ட இடத்தை மேலேதான் காட்டினேன். துறைக்குள் இருந்த கருத்து வேறுபாடு வெளியே தெரிந்த அளவுக்குப் பெரிதில்லை என்பதுதான் சொல்ல வந்தது.

அண்ணாவும் விழுங்க வேண்டிய கசப்பு இருக்கிறது. சேவை ஏற்றுமதி, அதாவது நிதி, ஆலோசனை, சட்டம் போன்றவை, பயந்த அளவுக்குப் படுக்கவில்லை, நன்றாகவே வளர்ந்தன. குடிவரவோ இரு பக்கமும் எதிர்பாராத திசையில் போனது. ஐரோப்பியர் வருவது குறைந்தது, மற்ற நாடுகளில் இருந்து வருவோர் கூடினார்கள். 2023 ஜூன் முடிய ஒரு வருடத்தில் நிகரக் குடிவரவு 9 லட்சத்தைத் தாண்டியது. உவர்மலையில் என் தெருவில் மட்டும் மூன்று பிள்ளைகள் அந்தக் காலத்தில்தான் போனார்கள், இருவர் மாணவ விசாவில், ஒருத்தி முதியோர் பராமரிப்பு விசாவில். குடிவரவைக் குறைக்கவென்று வாக்களித்த ஊரின் பராமரிப்பு இல்லத்தில் எங்கள் திருமலைப் பிள்ளை வேலை செய்கிறாள். ஆட்கள் கூடினால் நாட்டின் மொத்த உற்பத்தி கூடித் தெரியும், ஆள்வீதத்தில் அப்படித் தெரியாது. ஆகவே மாமா இனி மொத்த வளர்ச்சி எண்ணைக் காட்டினால், தலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

விலகியது சரியா பிழையா என்று என்னிடம் கேட்காதீர்கள். தன் சட்டத்தைத் தானே எழுத வேண்டும் என்பதற்காக 4 சதவீதம் கொடுக்கத் தயார் என்று ஒருவர் சொன்னால், அவரைக் கணக்குத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. வேலை போன அம்மப்பாவே தளத்தில் சிங்கக்கொடி ஏறியபோது அழுதவர்தான், சந்தோசத்தில்.

எங்களுக்கு என்ன என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஒன்றியத்துக்கு இலங்கை அனுப்பும் ஆடைகளுக்கு ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகை 2017இல் திரும்பக் கிடைத்தது. பிரித்தானியா விலகிய பின் தனக்கென ஒரு சலுகைத் திட்டம் செய்து 2023இல் அமுலாக்கியது, அதிலும் இலங்கை இருக்கிறது. ஆக வரியில் பெரிய இழப்பில்லை. ஆனால் முன்பு ஒரே விதிப்புத்தகம் பார்த்த ஏற்றுமதி அலுவலகங்கள் இப்போது இரண்டு பார்க்கின்றன. துணி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பதில் எழுத வேண்டும். என்னைப்போல் எண்ணை மாற்றி அடிக்கும் ஒருவருக்கு இரட்டிப்புத் தலைவலி.

மாமாவோடு அடுத்த தரம் பேசும்போது எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். 2019இல் அவர் பாரிஸ், ஒல்லாந்துப் பக்கம் எத்தனை மொத்த வியாபாரிகளிடம் சரக்கு எடுத்தார், இப்போது எத்தனை பேரிடம் எடுக்கிறார்? 2024 சோதனைகளுக்குப் பிறகு யாராவது விட்டுப்போனார்களா? எனக்கும் அறிய ஆசை.